தென்கோடி ஃபியோர்டுகளுக்குக் கப்பலேறும் முன்: ஒரு கப்பல் மருத்துவரின் வேண்டுகோள்

சிலி நாட்டின் தெற்கேயுள்ள புந்தா அரீனாஸ் துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் சிக்னல் போய்விடும். அந்த நேரத்தில் பயணிகள் எல்லாரும் மேல்தளத்தில் நின்று மாகெல்லன் நீரிணையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் கீழே என் அறையில் உட்கார்ந்து அவர்கள் நிரப்பித் தந்த உடல்நலப் படிவங்களைப் படித்துக்கொண்டிருப்பேன். நூற்றுச் சொச்சம் படிவங்கள். பெரும்பாலானவற்றில் "நோய் ஏதேனும் உண்டா?" என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்றுதான் இருக்கும். ஓய்வுபெற்றவர்களே அதிகம் வரும் கப்பலில் இத்தனை பேருக்கு ஒன்றுமே இல்லை என்றால் எந்த மருத்துவரும் நம்பமாட்டார்.

அந்த "இல்லை"யைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வரைபடத்தில் சிலியின் தென்கோடியைப் பாருங்கள். நைந்துபோன துணியின் ஓரம் போல இருக்கும். பனியாறுகள் மலைகளைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளாக்கி, பின்வாங்கிய இடத்தில் எல்லாம் கடல் உள்ளே புகுந்துவிட்டது. அவைதான் ஃபியோர்டுகள். பீகிள் கால்வாயின் வடகரையில் டார்வின் மலைத்தொடரிலிருந்து ஹோலந்தா, இத்தாலியா, பிரான்சியா, அலெமானியா என்று நாடுகளின் பெயர் தாங்கிய பனியாறுகள் வரிசையாக இறங்கி வருகின்றன. பெரிய சொகுசுக் கப்பல்கள் கால்வாயின் நடுவிலேயே போய்விடும். பியா, கரிபால்டி போன்ற குறுகலான கிளைகளுக்குள் நுழைந்து, ரப்பர் படகில் ஆட்களைக் கரையிறக்குவது சிறிய கப்பல்களுக்குத்தான் முடியும். அதற்காகத்தான் மக்கள் இதைத் தேடி வருகிறார்கள். ஆனால் சிறிய கப்பலில் மருத்துவ அறையும் சிறியதுதான். என்னிடம் இசிஜி கருவி, ஆக்ஸிஜன், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி, சலைன், தையல் போடும் சாமான்கள், ஒரு அலமாரி மருந்து இருக்கின்றன. சிடி ஸ்கேன் கிடையாது, அறுவை அரங்கு கிடையாது, ரத்த வங்கி கிடையாது.

சில பருவங்களுக்கு முன்பு ஒரு தமிழ்த் தம்பதி வந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் ஏற்பாடு செய்துகொடுத்த பயணம். கப்பலில் தமிழ் பேசும் மருத்துவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இருவரின் படிவத்திலும் எல்லாக் கேள்விக்கும் "இல்லை". கரிபால்டி ஃபியோர்டுக்குள் இருந்தபோது விடியற்காலையில் என் கதவைத் தட்டினார். "தம்பி, அவருக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குங்கிறார். வேர்த்துக் கொட்டுது."

போய்ப் பார்த்தேன். இசிஜி எடுத்தேன். மாற்றங்கள் தெரிந்தன. முன்பு இதயத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டதும் அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டென்ட் வெச்சிருக்கு தம்பி. எழுதினா ஏத்தமாட்டாங்கன்னு எழுதலை."

சரி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று பிரித்த டப்பா. உள்ளே அட்டையிலிருந்து உரித்துப் போட்ட மாத்திரைகள்: வெள்ளையில் மூன்று, வெளிர் மஞ்சளில் ஒன்று, பாதியாக உடைத்தது ஒன்று. பெயர் எதிலும் இல்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறாரா, எடுத்தால் எது, எவ்வளவு என்பது தெரியாமல் நான் அடுத்த ஊசியைப் போட முடியாது. ஊரில் மகனுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசி, அவர் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்ல நாற்பது நிமிடம் ஆயிற்று. மாரடைப்பில் நாற்பது நிமிடம் என்பது இதயத் தசையில் ஒரு பகுதி.

ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். அன்று மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. இருபுறமும் செங்குத்துச் சுவராக மலை நிற்கும் ஒரு சந்துக்குள் அப்படிப்பட்ட வானிலையில் எந்த விமானியும் நுழையமாட்டார். இந்தப் பகுதிக் காற்றுக்கு மாலுமிகள் வில்லிவா என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மலையுச்சியிலிருந்து குளிர்ந்த காற்று திடுமெனச் சரிந்து விழும். ஆகக் கப்பலைத் திருப்பி, நவாரினோ தீவிலுள்ள புவேர்த்தோ வில்லியம்ஸை நோக்கி ஓட்டினோம். ஏழெட்டு மணி நேரம். அங்கே இருப்பதும் சிறிய மருத்துவமனைதான். அங்கிருந்து விமானத்தில் புந்தா அரீனாஸ். அவர் பிழைத்தார். அந்த எட்டு மணி நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் எல்லாம் உள்ளவர்கள் நிறையப் பேர் வந்து, பனியாற்றைப் பார்த்து, நலமாகத் திரும்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அவரை முந்தைய நாள் மதியம் குளிர்காற்றில் அந்த ஏற்றமான பாதையில் ஏற விட்டிருக்கமாட்டேன், அவ்வளவுதான். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். அதோடு மலையேற்றமும் சேர்ந்தால் அடைப்பு உள்ள இதயம் தாங்காது. படகிலேயே உட்கார்ந்து அதே பனியாற்றைப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பேன்.

எனவே மருந்து விஷயத்தில் சிலவற்றைத் தயவுசெய்து செய்யுங்கள். மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாருங்கள். உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். டோலோ என்றால் சிலியில் யாருக்கும் புரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும். பாதி மருந்து உங்கள் கைப்பையில், பாதி துணையின் கைப்பையில். விமானத்தின் சரக்கறையில் போகும் பெட்டியில் மருந்தை வைக்காதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் கப்பல் காத்திருக்காது. இன்சுலின் உறைந்துவிட்டால் அதன் வேலை போச்சு, உருகிய பின் பார்க்கப் பழையபடி தெரிந்தாலும் பயன்படுத்தக்கூடாது. இந்திய நேரத்துக்கும் மாகெல்லன் பகுதி நேரத்துக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். இன்சுலின் போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போது, அவசரத்தில் விமானத்தில் கொண்டுபோகும் செலவும் ஏற்கெனவே உள்ள நோயும் அதில் சேருமா என்று வாசித்துப் பாருங்கள். நோயை மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

கடல் குமட்டலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஃபியோர்டுகளுக்குள் தண்ணீர் பெரும்பாலும் குளம் மாதிரிதான். காக்பர்ன் கால்வாயின் வாயில் பசிபிக் அலை சில மணி நேரம் உலுக்கும், தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் பக்கமும் அப்படியே. கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டால்தான் பலன், வாந்தி தொடங்கிய பின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். கண்ணழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ இருப்பவர்கள் குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டையைத் தாங்களாகப் பயன்படுத்த வேண்டாம்.

குமட்டலை விட எனக்குக் கவலை தருவது கதவு. ஆமாம், கதவுதான். கப்பல் சாயும்போது நாம் இயல்பாகப் பக்கத்தில் இருப்பதைப் பிடிப்போம். அது பெரும்பாலும் கதவு நிலையாக இருக்கும். கப்பல் மறுபக்கம் சாய்ந்ததும் கனமான கதவு தானாக வந்து மூடும். ஒரு பெண்மணியின் மோதிர விரல் நுனி நசுங்கி, நகத்தோடு சேர்ந்து தொங்கியதைத் தைத்திருக்கிறேன். கைப்பிடியைப் பிடியுங்கள், நிலையைப் பிடிக்காதீர்கள். ஒரு கை எப்போதும் கப்பலுக்கு என்று மாலுமிகள் சொல்வார்கள். காபிக் கோப்பை ஒரு கையில், கேமரா மறு கையில் என்று படியிறங்குபவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

அடுத்தது ரப்பர் படகு. சோடியாக் என்று சொல்வோம். ஏறும்போதும் இறங்கும்போதும் படகோட்டி கையை நீட்டுவார். விரல்களைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டுக்கு மேலே முன்கையைப் பிடியுங்கள். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. படகில் படம் எடுப்பதற்காக உயிர்காப்பு அங்கியைக் கழற்றுகிறவர்கள் உண்டு. கோடையிலும் இந்தத் தண்ணீர் பத்து டிகிரிக்கு உட்பட்டதுதான், பனியாற்றின் அருகே இன்னும் குறைவு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கை நான் எல்லாப் பயணத்திலும் சொல்வேன்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் இறங்கி நினைவு போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே குளிர்ந்த நீரில் விழுந்தவர்கள் பலர் குளிரால் சாவதில்லை, அந்த முதல் மூச்சிலேயே தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடுகிறார்கள். அங்கி போட்டிருந்தால் அந்த ஒரு நிமிடம் தலை மேலே நிற்கும். நன்றாக நீந்தத் தெரியும் என்று சொல்லாதீர்கள். நீச்சல் அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் உதவிக்கு வரும்.

உடை பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளி, வெளியே மழை புகாத கால்சட்டை. அப்புறம், குளிர்தானே என்று வெயிலை மறக்காதீர்கள். வசந்தத்தில் ஓசோன் ஓட்டை இந்தப் பக்கம் நீளும்போது புந்தா அரீனாஸ்வாசிகள் புறஊதாக் கதிரின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்கள். மூக்கும் உதடும் வெந்துபோய் என்னிடம் வருபவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

பியா பனியாற்றுக்கு முன் நிற்பது வாழ்நாளில் மறக்காத ஒன்று. நீலச் சுவர். ஆண்டாண்டுகளாகப் பனி பனியின் மேல் விழுந்து அழுத்தி, உள்ளே இருந்த காற்றுக் குமிழ்களையெல்லாம் பிழிந்து வெளியேற்றிவிட்ட கட்டி. சிவப்பு ஒளியை உறிஞ்சி நீலத்தை மட்டும் விட்டுவிடுகிறது. திடீரென்று ஒரு வீட்டளவு துண்டு சத்தமே இல்லாமல் சரியும். அது தண்ணீரில் விழுந்த பிறகுதான் இடி மாதிரி சத்தம் வந்து சேரும். எல்லாரும் கைதட்டுவார்கள். வழிகாட்டிகள் கைதட்டமாட்டார்கள், அவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலை அதற்கு அப்புறம்தான் வரும், கரையோரக் கற்களைப் புரட்டிக்கொண்டு. "மேலே வாங்க" என்று அவர்கள் சொன்னால் இன்னும் ஒரே ஒரு படம் என்று நிற்காதீர்கள்.

அந்தக் கரைகளில் தாழ்நீரின்போது பாறை முழுக்கக் கறுப்பாகச் சிப்பிகள் ஒட்டியிருக்கும். பார்த்தால் பறித்து வேகவைக்கத் தோன்றும். தொடவே வேண்டாம். இந்த நீரில் மாரெயா ரோஹா, அதாவது செந்நீர்ப் பெருக்கு, அடிக்கடி வரும். நுண்பாசியின் நஞ்சு சிப்பியின் சதையில் சேர்ந்திருக்கும். தண்ணீர் சிவப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, சிப்பியின் மணமும் சுவையும் மாறாது. கொதிக்க வைத்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும் அந்த நஞ்சு போகாது. முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு விரல் நுனி, பிறகு மூச்சுத் தசைகள். மாற்று மருந்து கிடையாது. உடல் நஞ்சைக் கழிக்கும்வரை செயற்கை மூச்சுக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். அப்படி மணிக்கணக்காக மூச்சுக் கொடுக்க என் சிறிய அறை போதாது. கரையில் சோதனை செய்து விற்பதை மட்டும் சாப்பிடுங்கள்.

விலங்குகள் விஷயத்தில் ஒரு மருத்துவராகக் கெஞ்சிக் கேட்கிறேன். 2022 கடைசியில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தென் அமெரிக்காவுக்கு வந்தது. பெருவிலும் சிலியிலும் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் அந்த ஆண்டு பிறந்த யானைச்சீல் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. அதனால் கரையிறங்கும் முன்பும் ஏறிய பின்பும் காலணியைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் முக்கச் சொல்கிறோம். கொஞ்ச நேர வேலைதான். காலணி இடுக்கில் ஒட்டிய சாணம் ஒரு தீவின் நோயை அடுத்த தீவுக்குக் கொண்டுபோய்விடும். மாகெல்லன் பென்குவின்கள் மண்ணைத் தோண்டிக் கூடு கட்டுபவை. பாதையை விட்டு விலகி ஒரு அடி வைத்தால் உங்கள் எடைக்குக் கூரை சரிந்து குஞ்சு உள்ளேயே புதைந்துவிடும். செத்துக் கிடக்கும் பறவையைப் பார்த்தால் தொடாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், இது உங்கள் உடம்புக்காகவும்தான்.

அந்தத் தம்பதி கேப் ஹார்னைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினார்கள். முனைக்கு மேலே குன்றில் நிற்கும், அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் வடிவிலான நினைவுச் சின்னத்தைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தாராம். ஒரு வருடம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "தம்பி, எல்லாத்தையும் எழுதினா இன்னொரு தடவை ஏத்துவாங்களா?" படிவத்தை அனுப்பிவைத்தேன். இரண்டு வாரத்தில் நிரம்பித் திரும்பி வந்தது. ஸ்டென்ட் வைத்த தேதி, இப்போது சாப்பிடும் ஐந்து மாத்திரைகளின் மூலப்பெயர், இதய மருத்துவரின் கடிதம், எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்பது வரை இருந்தது. தன்னுடைய படிவத்தில் அந்த அம்மா கண்புரை அறுவை செய்ததையும், முழங்கால் வலிக்குத் தடவும் தைலத்தையும்கூட எழுதியிருந்தார்.