கதவாய்த் திறக்கும் கறுப்புப் பக்கங்கள்

ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசப்பட்டு 20 ஆண்டுகள் நிறைந்த 1965 ஆகஸ்ட் 6 அன்று, கிகுஜி கவாடாவின் ‘சிஸு’ என்னும் ஒளிப்படநூல் ஜப்பானில் வெளிவந்தது. ‘வரைபடம்’ என்பது அச்சொல்லின் பொருள். குண்டுவீச்சுக்குப் பின்னும் எஞ்சி நின்ற கட்டடத்தின் சுவர்களிலும் கூரையிலும் படிந்திருந்த கறைகளே அந்நூலின் மையம். கோஹெய் சுகியுரா வடிவமைத்த அந்நூலின் அழுத்தம், அதன் கறுப்பிலும் மடிப்பிலும் இருக்கிறது.

அச்சில் ஆழ்ந்த கறுப்பு எளிதில் கைகூடுவதில்லை. படத்தை நுண்புள்ளிகளாகப் பிரித்து, தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கும் அதிலிருந்து தாளுக்கும் மையை மாற்றும் ஆஃப்செட் அச்சில் மைப்படலத்தின் தடிமன் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. அது சுமார் ஒரு மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புள்ளி பெருத்தால் கருமை, சிறுத்தால் வெளிச்சம். புள்ளிகள் முழுதும் இணைந்துவிட்ட இடத்திலும் அந்த மெல்லிய படலம் ஒளியில் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மையடர்த்தியை மடக்கை அளவில் கணக்கிடுவர்: 1.5 எனில் சுமார் 3 விழுக்காடு ஒளி திரும்பும். 2 எனில் 1 விழுக்காடு மட்டுமே. கண்ணுக்கு அது, சாம்பல் பூத்த கறுப்புக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு.

‘சிஸு’ அச்சான கிராவூர் முறை, மையின் தடிமனையே மாற்றுகிறது. ஒளியுணர் ஜெலட்டினில் படத்தைப் பதித்து, அதைச் செம்பு உருளைமேல் ஒட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசலால் அரிக்கச் செய்வார்கள். படத்தின் வெளிச்சப் பகுதிகளில் ஜெலட்டின் தடித்திருப்பதால் கரைசல் தாமதமாக ஊடுருவி ஆழமற்ற குழிகளையே உண்டாக்கும். நிழற்பகுதிகளிலோ விரைந்து இறங்கி ஆழமாகக் குடையும். பிறகு உருளையில் நீர்த்த மையைப் பூசி, மேற்பரப்பை எஃகுத் தகட்டால் வழித்துவிட்டால், மை குழிகளில் மட்டும் தங்கும். தாள் அழுந்தும்போது ஆழமான குழி தன் மையைத் தாராளமாகக் கொடுக்க, அது நாரிழைகளை மூடி, பளபளப்பின்றி வெல்வெட் போலப் படிகிறது. இக்காலத்தில் ஆஃப்செட்டிலேயே கறுப்பையும் சாம்பலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு இதை நெருங்குகிறார்கள். எட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மடிப்பின் பெயர் ‘கன்னோன் பிராகி’. ஜப்பானில் கன்னோன் எனப்படும், கருணையின் போதிசத்துவரான அவலோகிதரின் திருவுருவை வைக்கும் மாடத்தின் இரட்டைக் கதவுகளைப் போல, ஏடுகள் நடுவிலிருந்து இருபுறமும் திறப்பதால் வந்த பெயர் அது. உள்ளே மடியும் ஏடு சில மில்லிமீட்டராவது குறுகியிருக்க வேண்டும். இல்லையேல் நூலை மூடும்போது அது முதுகுப்பக்கம் முட்டிக் கசங்கும். தாளின் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். ஈரம் பட்டால் குறுக்குவாக்கில்தான் மிகுதியாக உப்பும். ஆகவே மடிப்பும் முதுகும் அந்த இழையோட்டத்துக்கு இணையாக அமைய வேண்டும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, தடித்த மை வெடித்து, கறுப்பின் நடுவே வெள்ளைக் கோடு தெரியும்.

‘சிஸு’வின் மடிப்பேடுகளை விலக்கும்வரை உள்ளிருக்கும் படம் தெரியாது, விலக்கியதும் வெளிப்படம் கண்ணைவிட்டு அகன்றுவிடும். கறை படிந்த சுவரை வாசகர் தம் விரல்களாலேயே திறந்து உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது.