மூன்றாம் முறை வந்த மனச்சோர்வும் மூச்சைக் கவனிப்பதும்

கோலாலம்பூர் செந்தூல் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மனச்சோர்வு மூன்றாம் முறையாக வந்து இப்போதுதான் தேறியிருக்கிறார். மைண்ட்ஃபுல்னஸ் (மூச்சைக் கவனிக்கும் மனப் பயிற்சி) பழகினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் 'மூன்றாம் முறை' என்று எழுதியிருக்கிறாரே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

மனச்சோர்வு ஒவ்வொரு முறை வரும்போதும் சோகமும் 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணமும் இன்னும் இறுக்கமாகப் பிணைந்துகொள்கின்றன. தேறிய பின்னும் அந்தப் பிணைப்பு அறுவதில்லை. பிறகு சாதாரண வாட்டம் ஒன்றே பழைய எண்ணங்களைக் கூட்டமாக எழுப்பிவிடும்.

அப்போது மனம் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. செந்தூலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போக வேண்டுமானால், இருக்கும் இடத்துக்கும் சேர வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து அளந்தே மனம் வழி காண்கிறது. அருமையான திறமை. அதையே சோகத்தின் மீதும் ஏவுகிறது: 'மகிழ்ச்சியாக இருக்க வேண்டியவள் ஏன் இப்படி இருக்கிறேன்?' விடை தேடி நினைவுகளைக் கிளறுகிறது. சோகத்தில் இருப்பவருக்குச் சோக நினைவுகளே முதலில் அகப்படும். அவற்றைச் சான்றாகக் கொண்டு மனம் மேலும் வாடுகிறது. தூரம் கூடுகிறது, மீண்டும் அளக்கிறது. வெளியேறத் துடிக்கும் முயற்சியே சுழலை வேகப்படுத்துகிறது!

பயிற்சி இந்த அளத்தலைத்தான் நிறுத்துகிறது, எண்ணங்களை அல்ல. மூச்சைக் கவனிக்கிறோம், மனம் ஓடுகிறது, ஓடியதை அறிந்து, கோபமின்றித் திரும்புகிறோம். பழகப் பழக, 'உதவாதவள்' என்பது தீர்ப்பாக இல்லாமல், வந்துபோகும் ஓர் எண்ணமாகத் தெரிகிறது.

சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதை எட்டு வாரப் பயிற்சியாக வடிவமைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டவர்களிடையே வழக்கமான சிகிச்சையில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இரண்டே முறை கண்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. பிணைப்பு இறுகியவர்களுக்குத்தானே அதைத் தளர்த்துவது உதவும்! 2015இல் 424 பேரிடம் மருந்தோடு ஒப்பிட்டபோது, ஈராண்டுகளில் நோய் திரும்பியது பயிற்சிப் பிரிவில் 44, மருந்துப் பிரிவில் 47 விழுக்காடு. ஏறத்தாழச் சமம். பயிற்சிப் பிரிவினரும் மருத்துவர் துணையோடுதான் மருந்தைக் குறைத்தார்கள்.

மனச்சோர்வைச் செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்ட அலையும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சிகிச்சைக்குரிய மாதங்கள் வீணாகின்றன. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. தமிழில் இப்பயிற்சி தரும் ஆட்களை உருவாக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

நோய் கடுமையாக இருக்கும்போது தனியே கண்மூடி அமர்வது சிலருக்கு எண்ணச் சுழலைக் கூட்டக்கூடும். அந்நிலையில் முதலில் அரசு கிளினிக்குக்குச் செல்லுங்கள், அல்லது 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.