நூலகக் குறைக்கு யாரிடம் போவது?

உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, நூலக அங்கத்துவப் படிவத்தோடு மூன்று தடவை பஸ் ஏறினாள். முதல் நாள் பிணையாளரின் கையொப்பம் இல்லையென்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள், பிணை நின்ற மாமாவின் அடையாள அட்டையில் பழைய முகவரி. மூன்றாம் நாள் நூலகர் லீவு. படிவம் மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய வன்னியில் அட்டை முகவரியும் இருக்கிற வீடும் ஒத்துப்போகாதவர்கள் எத்தனை பேர்! அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்வாள்?

கிராமப்புறப் பொது நூலகத்தை நடத்துவது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. புத்தகக் காசு, ஆளணி, திறக்கும் நேரம், அங்கத்துவ விதி எல்லாவற்றுக்கும் சபைதான் பதில் சொல்லவேண்டும். நூலகரோடு மல்லுக்கட்டாதீர்கள், பாதி விஷயம் அவர் கையில் இல்லை. பலர் பிரதேச செயலகத்துக்குப் போய் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். அது வேறு அலுவலகம். கடிதத்தைச் சபைச் செயலாளருக்கு எழுதி, தவிசாளருக்குப் பிரதி வையுங்கள்.

அங்கத்துவ விதி சபைக்குச் சபை மாறும். என்னென்ன வேண்டும், யார் பிணை நிற்கலாம் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். முகவரி மாறியிருந்தால் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழை ஏற்பார்களா, அதில் பிரதேச செயலாளரின் கையொப்பமும் வேண்டுமா என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் நாலாவது பயணம்தான்.

"புதுப் புத்தகங்கள் இடாப்பில் பதியவில்லை, இரவல் தர ஏலாது" என்பது இன்னொரு பதில். பெட்டி கட்டியபடியே அலுமாரிக்குப் பக்கத்தில் கிடப்பதை நானே கண்டிருக்கிறேன். இந்த வருடம் புத்தகத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, பதியாமல் கிடப்பது எத்தனை என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொல்ல, சபையில் தகவல் கோரிக்கைகளை ஏற்கும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. "தகவல் அலுவலர் இன்னும் நியமிக்கப்படவில்லை" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. அப்படியானால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலர்.

விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள். "வைச்சிட்டுப் போங்கோ" என்றால் கொடுக்காமல், பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று அதே நிறுவனத்தில் இருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வேலை நாள் எண்ணும்போது சனி, ஞாயிறு, போயா, மற்ற அரச விடுமுறைகளைக் கழித்து, கெடு முடியும் திகதியை அந்தத் துண்டிலேயே குறித்துவையுங்கள்.