643 கோடி கன மீட்டர் மரம் இருக்கிறது, எவ்வளவு வெட்டலாம்?

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, நாட்டில் நின்றுகொண்டிருக்கும் மரங்களின் மொத்தக் கன அளவு ஏறக்குறைய 643 கோடி கன மீட்டர். இதில் காடுகளுக்குள் இருப்பது சுமார் 448 கோடி. வரப்பு, தோப்பு, சாலையோரம், வீட்டுக் கொல்லை என்று காட்டுக்கு வெளியே இருப்பது 195 கோடி. இதைப் படித்துவிட்டு பிளைவுட் ஆலை நடத்துபவர்கள் என்னிடம் கேட்பது, "இவ்வளவு மரம் இருந்தும் நமக்கு ஏன் சார் மரம் கிடைக்கவில்லை?" இன்னொரு பக்கம், காட்டைக் காக்க வேண்டும் என்று உழைப்பவர்கள் இதே எண்ணைப் பார்த்து, வெட்டுவதற்கு அனுமதி கொடுத்துவிடுவார்களோ என்று கவலைப்படுகிறார்கள். இரண்டு பேருக்குமே இந்த எண் பதில் சொல்லாது. இது கையிருப்பு. ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கலாம் என்பது வேறு கணக்கு.

மர அளவீட்டு வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கெல்லாம் வழுக்குகிறது என்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

முதலில் கையிருப்பையே எடுத்துக்கொள்வோம். எல்லா மரத்தையும் யாரும் எண்ணுவதில்லை. நாட்டை 5 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த கட்டங்களில் 8 மீட்டர் ஆரமுள்ள சிறு வட்டங்களை அளந்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பு உயரத்தில், தடிமனை அளக்கிறோம். மீதி எல்லாம் அந்த இனத்துக்கான சமன்பாட்டின் வேலை. உள்ளே பொந்து விழுந்த வேங்கை மரமும் சரி, கெட்டியான வேங்கை மரமும் சரி, சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அறுவை மில்லில் அறுத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வளர்ச்சி. எடுக்கக்கூடியது அதிகபட்சம் ஆண்டு வளர்ச்சி அளவுதான். அதைத் தாண்டினால் கையிருப்பு என்ற மூலதனத்திலேயே கை வைக்கிறோம் என்று பொருள். 1995-ல் இதே நிறுவனம் காடுகளின் கையிருப்பை 474 கோடி கன மீட்டராகவும், ஆண்டு வளர்ச்சியை 8.76 கோடி கன மீட்டராகவும் மதிப்பிட்டது. அதாவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சரி, அந்த 8.76 கோடியையாவது எடுக்கலாமா? 2011 அறிக்கையைப் பாருங்கள்: காடுகளிலிருந்து வெட்டி எடுத்த மரம் ஆண்டுக்கு 31.75 லட்சம் கன மீட்டர்தான்.

இந்த இடைவெளியைக் காட்டி, மரத்தை வீணாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அந்த வளர்ச்சியில் ஒரு பங்கு தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் நடக்கிறது. ஒரு பங்கு செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும். அங்கே மரம் நிற்பது மண்ணுக்கும் தண்ணீருக்கும். வெட்டும் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது. உத்தரகண்டின் இமயமலைப் பகுதிகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை இருந்து வருகிறது. காட்டை வருமானத்துக்கான இடமாகப் பார்க்கக் கூடாது என்றது 1988-ன் தேசிய வனக் கொள்கை. 1996 டிசம்பர் 12-ல் கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல் திட்டம் இல்லாமல் எந்தக் கூப்பிலும், அதாவது காட்டில் வெட்டுக்கு ஒதுக்கிய எந்தப் பகுதியிலும், மரம் வெட்ட முடியாது.

அப்புறம், விறகு. வீடுகளில் எரியும் விறகு ஆண்டுக்கு 21.6 கோடி டன், அதில் 5.87 கோடி டன் காட்டிலிருந்து வருகிறது என்று 2011 அறிக்கை மதிப்பிட்டது. சிலிண்டர் பரவிய பிறகு நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் தலைச்சுமையில் போகும் விறகு எந்தக் கூப்புப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதில் உலர்ந்த சுள்ளி பாதி என்றாலும், மீதியில் கைத் தடிமனுள்ள இளங்கம்புகள் இருக்கும். நாளைக்குப் பெரிய மரமாக வேண்டியவை அவைதான்.

ஒரு காட்டில் எவ்வளவு வெட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரிய மரங்கள் அல்ல, அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சிறிய மரங்கள். இதை நம் பக்கத்தில் முதலில் நடைமுறைப்படுத்தியவர் டீட்ரிச் பிராண்டிஸ், 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றவர். யானை மேல் போய்க்கொண்டே, ஒவ்வொரு சுற்றளவு வகுப்புக்கும் ஒரு மூங்கில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் அதன் வகுப்புக்குரிய துண்டில் கத்தியால் ஒரு கீறல் போடுவார். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பை எட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கணித்து, முதல் வகுப்பு மரங்களை அத்தனை ஆண்டுகளுக்குப் பங்கிட்டு வெட்ட விட்டார். இன்று செயற்கைக்கோள் படம் இருக்கிறது. ஆனால் மேலிருந்து தெரிவது தழை மட்டுமே. கீழே கன்று இருக்கிறதா, உண்ணிச்செடிக் களை மண்டிக் கிடக்கிறதா என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். கன்றே இல்லாத காட்டில் வளர்ச்சி எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே வெட்டும் அளவு பூஜ்யம் என்றே எழுதுவேன்.

ஆகவே நாட்டின் மரத் தேவையைச் சுமப்பது காட்டுக்கு வெளியே உள்ள மரங்கள்தான். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடி உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த 1988 கொள்கையே சொல்லிவிட்டது. வெளி மரங்களிலிருந்து ஆண்டுக்கு 9.15 கோடி கன மீட்டர் தொழிற்சாலை மரம் கிடைக்க வாய்ப்புண்டு என்கிறது 2023 அறிக்கை. 2011-ல் இது 4.28 கோடியாக இருந்தது. பலர் இதை இரண்டு மடங்கு வளர்ச்சி என்று மேடையில் பேசுகிறார்கள். இடையில் 2016-ல் மாதிரி எடுக்கும் முறையே மாறியது. அதனால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்ப்பது சரியல்ல.

அதைவிட முக்கியம், "வாய்ப்பு" எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது. வெளி மரங்களுக்கு வழக்கமாகக் கையாள்வது வான் மாண்டல் சூத்திரம்: கையிருப்பை இரண்டால் பெருக்கி, வெட்டு வயதால் வகுக்க வேண்டும். எல்லா வயது மரமும் சம பரப்பில் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் மரம் நடுவது அலை அலையாகத்தான் நடக்கிறது. சவுக்குக்கு விலை ஏறினால் ஒரே பருவத்தில் ஊரே நடும். ஒரு வட்டாரத்தில் நான்கு வயதுச் சவுக்கு மட்டும் 10,000 கன மீட்டர் நிற்கிறது, வெட்டு வயதும் நான்கு என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் ஆண்டுக்கு 5,000 என்று சொல்லும். நடப்பதோ, இந்த ஆண்டு 10,000 சந்தைக்கு வந்து விலை சரியும். அடுத்த மூன்று ஆண்டு ஒன்றும் இராது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது, நின்றிருந்த சவுக்கும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. எந்தச் சூத்திரத்திலும் அதற்கு இடமில்லை.

இன்னொன்று, வெளி மரக் கையிருப்பில் முதலிடம் மாமரத்துக்கு. காய்த்துக்கொண்டிருக்கும் மாவை யார் வெட்டுவார்கள்? மரம் இருப்பது வேறு, உரிமையாளர் விற்க முன்வருவது வேறு.

அளவையிலும் ஒரு சிக்கல். மர வியாபாரத்தில் இன்றும் கால் சுற்றளவு முறையே அதிகம்: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. இதில் உண்மைக் கன அளவில் 78.5 சதவீதம்தான் கணக்கில் வரும். மில்காரர் கொடுக்கும் தேவைப் புள்ளிவிவரம் இந்த அளவில், அரசின் கையிருப்பு எண் உண்மைக் கன அளவில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட அறிக்கைகள் என் மேசைக்கே வந்திருக்கின்றன.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? 2016-ன் மரத் தொழிற்சாலை வழிகாட்டு நெறிகளின்படி, மாநிலக் குழு மரம் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்ட பிறகே புதிய உரிமம் தர வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு உரிமம் தரும் முடிவை, மரம் கிடைப்பது பற்றிய தரவு போதவில்லை என்று 2020-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. இத்தனை ஆலைகளின் பிழைப்பும் இத்தனை விவசாயிகளின் விற்பனையும் ஒரு மதிப்பீட்டின் மேல் ஆண்டுக்கணக்கில் தொங்கின. மதிப்பீடு கூடிப்போனால் ஆலை அதிகமாகி, மரத்துக்குப் பஞ்சம் வந்து, கடைசியில் காட்டு எல்லையில் கோடரி விழும். குறைந்துபோனால் விவசாயி நட்ட மரத்தை வாங்க ஆள் இருக்காது. அடுத்த முறை அவர் நட மாட்டார். 2020-ல் 5.7 கோடி கன மீட்டராக இருந்த நாட்டின் உருட்டு மரத் தேவை, 2030-ல் 9.8 கோடியாகும் என்று சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பின் அறிக்கை கணித்திருக்கிறது. 9.15 கோடி என்ற வாய்ப்பு எண்ணை இதோடு ஒட்டிப் பார்த்தால், நமக்குத் தவறுவதற்கு இடமே இல்லை.

நம் தமிழ்நாட்டில் இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் சவுக்கு, தைலமரம், மலைவேம்பு, தேக்கு நின்ற நிலத்துக்கு எதிரே நட்ட ஆண்டையும் எழுதட்டும். மாவட்டவாரியாக இனம், வயது, பரப்பு மூன்றையும் கூட்டினால், எந்த ஆண்டு எந்த மரம் எவ்வளவு சந்தைக்கு வரும் என்பதை ஐந்து ஆண்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். உரிமம் தரும் குழு அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.