முகம் வீங்கிய குழந்தையும் சிறுநீரின் நிறமும்

காலையில் குழந்தையின் கண் இமைகள் தடித்திருக்கும், மாலைக்குள் வடிந்துவிடும். பூச்சிக்கடி என்றோ ஒவ்வாமை என்றோ எண்ணிச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, பத்து நாட்கள் கழித்தே பல பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது சிறுநீரைப் பற்றித்தான். ஏனெனில் ஒரே மாதிரியான முகவீக்கத்துக்குப் பின்னால் இருவேறு நோய்கள் இருக்கக்கூடும்.

சிறுநீர் நுரைத்துப் போனால் நெஃப்ராடிக் சிண்ட்ரோமாக இருக்கலாம். 2 முதல் 6 வயதுவரை மிகுதியாகக் காணப்படும் இந்நோயில், சிறுநீரக வடிகட்டிகள் ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைக் கசியவிடுவதால், முகத்தில் தொடங்கும் வீக்கம் வயிற்றுக்கும் காலுக்கும் பரவுகிறது.

சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் குறைவாகப் போனால், அது பெரும்பாலும் வடிகட்டிகளின் அழற்சியான நெஃப்ரைடிஸ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்த 1 முதல் 2 வாரங்களிலோ, சிரங்கு வந்து சுமார் 3 வாரங்கள் கழித்தோ இது தலைகாட்டும். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்த தாய், "முகம் மட்டும்தான் டாக்டர் வீங்கியிருக்கு, ராத்திரியிலிருந்து தலைவலின்னு அழறா" என்றார். முழங்காலுக்குக் கீழே சிரங்கு ஆறிய கருந்தழும்புகள் இருந்தன. குழந்தைக்கு எதற்கு பிரஷர் பார்க்கிறீர்கள் என்று தந்தை கேட்டுக்கொண்டிருக்கும்போதே கருவி 150/100 காட்டியது. அந்த வயதுக்கு அது மிக அதிகம்; இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த அழுத்தத்தாலேயே வலிப்பு வந்திருக்கக்கூடும். முகம் வீங்கிய எந்தக் குழந்தைக்கும் ரத்த அழுத்தம் பார்க்காமல் விடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சிரங்குக்குப் பின் வரும் நெஃப்ரைடிஸில் உப்பையும் நீரையும் குறைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஸ்டீராய்டு பொதுவாகத் தேவைப்படாது. நெஃப்ராடிக்கிலோ அதுதான் முதன்மை மருந்து. மாத்திரையால் முகம் உப்புவதைக் கண்டு அஞ்சிப் பாதியில் நிறுத்துவது ஆபத்தானது. இந்நோய் அடிக்கடி திரும்பும் என்பதால், காலைச் சிறுநீரைப் பரிசோதனைப் பட்டையால் வீட்டிலேயே பார்த்து ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். தொடர்ந்து 3 நாட்கள் புரதம் 3+ அல்லது அதற்கு மேல் காட்டினால் வீக்கத்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீங்கியிருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலியும் வந்தால், வயிற்று உறையில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.