முகூர்த்த நாளும் வருகைப் பதிவேடும்

போன வாரம் எங்கள் அரசுக் கல்லூரியில் இன்னொரு மாணவனுக்கு ஹால் டிக்கெட் தர முடியாமல் போனது. வருகை 58 சதவீதம். 75 வேண்டும்; கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம், 58-க்கு வழியே இல்லை. இந்த செமஸ்டரில் என் துறையில் இவன் நான்காவது. நான்கு பேருமே கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள்.

ஏன்டா வரவில்லை என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினான். பந்தி பரிமாறும்போது போடும் சட்டை, சாம்பார்க் கறையோடு, ஒரு கவரில் சுருட்டிக் கிடந்தது. அதற்கு அடியில் நோட்டு. ராத்திரி ரிசப்ஷன் முடிந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து, மண்டபத்திலேயே படுத்து, விடிகாலை 4 மணிக்கு டிபன் வேலைக்கு எழுந்திருக்கிறான். "மதியச் சாப்பாடு வரைக்கும் நின்னாத்தான் சார் முழுக் கூலி."

ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "கவர்மென்ட் காலேஜ்ல எல்லாம் ஃப்ரீதானே, மாசம் 1000 ரூபாய் வேற வருதே?" கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. பயிற்றுக் கட்டணம் இல்லை, சரி. ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், புராஜெக்ட் பைண்டிங், செல்போன் ரீசார்ஜ், மதியச் சாப்பாடு இதெல்லாம் யார் தருவது? அந்த 1000 ரூபாயைத் தரும், 2022-ல் பெண்களுக்கு வந்த புதுமைப் பெண், 2024-ல் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் இரண்டும் அருமையான திட்டங்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கிடையாது. கிடைக்கிற பிள்ளையின் வீட்டிலும் அப்பாவுக்கு வேலை இல்லாத மாதம் அந்த 1000 அரிசிக்கும் சிலிண்டருக்கும் போய்விடும். பிறகு அவன் பந்திக்குப் போகாமல் என்ன செய்வான்?

வேலைக்கே வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூலி அவனுக்கு வேண்டும். கேட்டரிங் கான்ட்ராக்டர்களே, கடைக்காரர்களே, பிள்ளைக்குக் காலேஜில் எந்த ஷிப்ட் என்று கேட்டு வேலை கொடுங்கள். காலை ஷிப்ட் பிள்ளைக்குச் சாயங்கால வேலை, மதிய ஷிப்ட் பிள்ளைக்குக் காலை வேலை. செய்த நேரத்துக்குக் கூலியைப் பிரித்துக் கொடுங்கள். ஐப்பசி முகூர்த்தமும் நவம்பர் தேர்வும் வருஷா வருஷம் மோதுகின்றன. அந்த மாதத்துக்காவது வேறு ஆள் பாருங்கள்.

வங்கி ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கில் ஆதார் இணையாவிட்டால் உதவித்தொகை ஏறாது. "நாளைக்கு வா" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வருகை போகிறது. வந்த அன்றே முடித்து அனுப்புங்கள்.

பழைய மாணவர்கள் ஆண்டு விழாவுக்குச் சால்வையும் கேடயமும் கொண்டுவருகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் துறைத்தலைவருக்கு ஒரு போன் போடுங்கள். எந்தப் பிள்ளை இன்னும் கட்டவில்லை என்று அவருக்குத் தெரியும். பெயர் கேட்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். போட்டோவுக்குப் பயந்தே உதவி வேண்டாம் என்று சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும்.

ஹால் டிக்கெட் கிடைக்காத அந்த மாணவன் வேலை பார்க்கும் கான்ட்ராக்டரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் அவரை நேரில் பார்த்துப் பேசப் போகிறேன்.