சோற்றைப் போட்டுக்கொண்டே எலியை ஒழிக்க முடியாது, அண்ணே

போன வாரம் மறுபடியும் அதே புகார். பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. "தம்பி, நீங்க வெச்ச மருந்து சரியில்ல. மூணு மாசத்துல எலி திரும்ப வந்துடுச்சு."

மருந்தில் குறை இல்லை, அண்ணே. பின்வாசலில் மூடி உடைந்த குப்பைத்தொட்டி, லோங்காங்கில் (சாக்கடையில்) மிதக்கும் சோறு. போன தடவையே விரல் நீட்டிக் காட்டினேன்.

100 எலியில் 80ஐக் கொன்றால் 20 மிச்சம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பின்சந்தில் அது செல்லாது. ஓர் இடத்தில் எத்தனை எலி வாழலாம் என்பதை அங்குள்ள தீனியும் தண்ணீரும் ஒளிய இடமும்தான் தீர்மானிக்கின்றன. எதற்கு முதலில் தட்டுப்பாடு வருகிறதோ, அங்கே எண்ணிக்கை நிற்கும். பினாங்கு மழையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அதை விடுங்கள். 100 எலி அடித்துக்கொண்டு தின்ற சோறு முழுவதும் மிஞ்சிய 20க்கே கிடைத்தால்? குட்டிகள் பிழைக்கும். காலியான வளைக்குப் பக்கத்துச் சந்து எலி குடிவரும். சாக்கடை எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான்; ஈன்ற ஓரிரு நாளில் மறுபடி சினையாகும். அந்தக் குட்டிகளே இரண்டு மூன்று மாதத்தில் ஈனத் தயார். நீங்கள் சொன்ன மூன்று மாதம் எங்கிருந்து வந்தது, புரிகிறதா?

1940களிலேயே அமெரிக்காவின் பால்டிமோரில் டேவிட் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்துவிட்டார். பிடித்து அகற்றியபின் எலிகள் பழைய எண்ணிக்கைக்கே ஏறின. குப்பையும் பதுங்குமிடமும் ஒழிந்தபோதுதான் இறங்கின.

"பூனை வளர்க்கிறேனே" என்பவர்களுக்கு: நன்றாக வளர்ந்த சாக்கடை எலியிடம் பெரும்பாலான பூனைகள் வம்புக்குப் போகாது. அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) பூனைக்கு வைக்கும் தீனியை ராத்திரி யார் தின்கிறார் என்று ஒருநாள் விழித்திருந்து பாருங்கள்.

சரி, கடை மூடும்போதே குப்பையைக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். லோங்காங்கில் சோறு கொட்டாதீர்கள், எத்தனை தடவை சொல்வது! இரண்டு சென்டிமீட்டர் ஓட்டையே எலிக்கு வாசல். கம்பிவலை வைத்து சிமெண்ட் பூசுங்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள். வேறு தீனி குவிந்துகிடக்கும் இடத்தில் எலி என் மருந்தைச் சீண்டுவதே அபூர்வம். (இதைச் சொல்வதால் என் பிழைப்புக்குத்தான் நஷ்டம்.)

பின்கட்டில் வேலை செய்யும் தம்பிகளே, லோங்காங் கழுவும்போது தயவுசெய்து பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கண்டால், சாக்கடையில் இறங்கியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.